லெகோவின் அளவு: திரியாப் புணர்ச்சியும் அதன் சுமையும்

லெகோ கட்டைகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் எண்களில்தான் தொடங்குகிறது. ஓராண்டில் எத்தனை ஆயிரம் கோடித் துண்டுகள் வார்க்கப்படுகின்றன, அவற்றை அடுக்கினால் எவ்வளவு உயரம் போகும், உலக மக்களுக்குப் பங்கிட்டால் தலைக்கு எத்தனை வரும் என்பன போன்ற வியப்புகள் சமூக ஊடகங்களில் ஆண்டுதோறும் வலம்வருகின்றன. வியப்பதில் தவறில்லை. ஆனால் உற்பத்தி எண்ணிக்கை ஒரு தொழிலின் அளவில் பாதியைத்தான் காட்டும். செய்யப்பட்டவை எங்கே இருக்கின்றன, எவ்வளவு காலம் இருக்கின்றன, அவற்றை ஒன்றோடொன்று பொருந்தும் நிலையில் வைத்திருப்பது யாருடைய பொறுப்பு என்னும் கேள்விகள் மறுபாதி. லெகோவைப் பொறுத்தவரை இந்த மறுபாதியே பெரியது. அந்தப் பொறுப்பு இன்னும் முழுமையாக ஏற்கப்படவில்லை. இங்கே முன்வைக்கப்படும் வாதம் இதுவே.

மொழியியல் வகுப்பறைகளில் லெகோ ஒரு பழகிய உவமை. வரம்புடைய உறுப்புகளைக் கொண்டு வரம்பற்ற வாக்கியங்களை ஆக்குவது மொழி என்னும் ஹம்போல்ட்டின் கருத்தை விளக்கும்போதும், தமிழ், துருக்கி, ஃபின்னிஷ் போன்ற ஒட்டுநிலை மொழிகளை அறிமுகப்படுத்தும்போதும் இந்தக் கட்டைகள் எளிதாகக் கைகொடுக்கின்றன. பெயர்ச்சொல் ஒரு கட்டை, பன்மை விகுதி ஒரு கட்டை, வேற்றுமை உருபு ஒரு கட்டை. வரிசையாக அடுக்கினால் முழுச்சொல் கிடைத்துவிடும் என்பது விளக்கம்.

இவ்வுவமைக்குத் துணையாக ஒரு கணக்கும் சொல்லப்படுவதுண்டு. எட்டுக் குமிழ்கள் கொண்ட, ஒரே நிறத்துக் கட்டைகள் இரண்டை 24 வகையாக இணைக்கலாம். மூன்று கட்டைகளை 1,060 வகையாக இணைக்கலாம். ஆறு கட்டைகளுக்கு 10,29,81,500 வகைகள் உண்டு என்று நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்தது. கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் சோரன் ஐலர்ஸும் அவருடைய சகாக்களும் அதை மீளாய்வு செய்தபோது, பழைய எண் ஆறு அடுக்கு உயரமுள்ள கோபுரங்களை மட்டுமே கணக்கில் கொண்டது என்பது வெளிப்பட்டது. ஒரே அடுக்கில் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டைகள் அமையும் வடிவங்களையும் சேர்த்தால் விடை 91,51,03,765. பழைய எண்ணைப்போல ஏறத்தாழ ஒன்பது மடங்கு.

இந்த எண்ணுக்குப் பின்னால் ஓர் எடுகோள் மறைந்திருக்கிறது. ஆறு கட்டைகளும் முற்றிலும் ஒத்தவை. எந்தக் குமிழும் எந்த அடிப்பகுதியிலும் ஒரே இறுக்கத்தோடு பொருந்தும் என்று கணிதம் வைத்துக்கொள்கிறது. தாளில் அதை ஒரே வரியில் எழுதிவிடலாம். தொழிற்சாலையில் அந்த ஒரு வரியை மெய்யாக்குவதற்கே ஏறக்குறைய எல்லா உழைப்பும் செலவாகிறது.

உவமை முறிவதும் இவ்விடத்தில்தான். ‘மரம்’ என்பதோடு ‘கள்’ சேரும்போது மகரம் ஙகரமாகத் திரிந்து ‘மரங்கள்’ ஆகிறது. ‘கல்’ என்பதோடு அதே விகுதி சேர்ந்தால் ‘கற்கள்’. நிலைமொழியும் வருமொழியும் சந்திக்கும் இடத்தில் நிகழும் தோன்றல், திரிதல், கெடுதல் ஆகிய மூன்றையும் விகாரம் என்று வகுத்தது நன்னூல். எந்த மாற்றமும் நிகழாவிடின் அது இயல்புப் புணர்ச்சி. மொழியில் இயல்பும் விகாரமும் அருகருகே வாழ்கின்றன. லெகோவிலோ இயல்புப் புணர்ச்சி மட்டுமே உண்டு. எந்தக் கட்டையும் தன் அண்டைக் கட்டைக்காகத் தன்னைச் சிறிதும் மாற்றிக்கொள்ளாது. பிரித்தெடுத்தால் சேர்ந்திருந்த சுவடும் தெரியாது.

மொழி விட்டுக்கொடுக்கிறது. ஒலிகள் தேய்கின்றன, விகுதிகள் குறுகுகின்றன, பேசுவோர் அந்தந்தக் கணத்தில் சரிசெய்துகொள்கிறார்கள். பொருத்தத்தைக் காக்கும் வேலை கோடிக்கணக்கான மனங்களில் பகிர்ந்து கிடக்கிறது. விட்டுக்கொடுக்காத கட்டைக்கு அந்த வசதி இல்லை. அதன் பொருத்தத்தை அச்சும் மூலப்பொருளும் கிடங்கும் முன்கூட்டியே உறுதிசெய்தாக வேண்டும். லெகோவின் உண்மையான அளவை இந்த உறுதியின் செலவிலிருந்து கணக்கிடுவதே பொருத்தம்.

அந்த உறுதி தொடக்கத்திலேயே வாய்த்துவிடவில்லை. டென்மார்க்கின் பில்லுண்டு என்னும் சிற்றூரில் தச்சராக இருந்த ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் 1932-ல் மரப்பொம்மைகள் செய்யத் தொடங்கினார். ‘நன்றாக விளையாடு’ எனப் பொருள்படும் டேனிஷ் மொழித் தொடரான ‘லெக் கோட்’ என்பதைச் சுருக்கி உருவானது லெகோ என்னும் பெயர். இரண்டாம் உலகப்போருக்குப் பின் நெகிழி வார்ப்பு இயந்திரம் ஒன்றை அவர் வாங்கினார். 1949-ல் வெளிவந்த முதல் கட்டைகளுக்கு, பிரிட்டனைச் சேர்ந்த ஹிலரி ஃபிஷர் பேஜ் வடிவமைத்த கிட்டிகிராஃப்ட் கட்டைகள் முன்மாதிரியாக அமைந்தன. அக்கட்டைகளின் உட்பகுதி வெறும் கூடு. அடுக்கலாம், ஆனால் பிடிப்பு போதாது.

ஓலேயின் மகன் கோட்ஃபிரெட் கிர்க் கிறிஸ்டியான்சன் 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்த வடிவமே இன்றுவரை தொடர்வது. மேலே குமிழ்கள், உள்ளே வெற்றுக் குழல்கள். ஒரு கட்டையின் குமிழ் மற்றொன்றின் குழலுக்கும் பக்கச்சுவருக்கும் இடையே நெருங்கி அமர்கிறது. இருமுனையிலும் உள்ள இந்த நெருக்கமே பிடிப்பு. குமிழின் மையத்திலிருந்து அடுத்த குமிழின் மையத்துக்கு 8 மில்லிமீட்டர். குமிழ் நீங்கலாகக் கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இவ்வளவுகள் மாறவில்லை. 1969-ல் சிறு குழந்தைகளுக்காக வந்த டூப்லோ கட்டைகள் இவ்வளவுகளின் சரியான இருமடங்கு. ஆகவே அவற்றின்மீதும் சாதாரணக் கட்டைகள் பொருந்தும்.

பிடிப்பு மிகுந்தால் குழந்தையால் பிரிக்க முடியாது. குறைந்தால் கட்டியது சரியும். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வெளி மிகக் குறுகலானது. ஆகவே அச்சுகள் மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு துல்லியத்தோடு கடையப்படுகின்றன. முதலில் பயன்பட்ட செல்லுலோஸ் அசிடேட் நாளடைவில் வளைந்தது, நிறம் மங்கியது. புணர்ச்சியில் திரியாத கட்டை, அலமாரியில் இருந்தபடியே திரிந்தது எனலாம். 1963-ல் ஏ.பி.எஸ். எனப்படும் அக்ரைலோநைட்ரைல் பியூட்டாடையீன் ஸ்டைரீன் அந்த இடத்துக்கு வந்தது. கடினமும் பளபளப்பும் கொண்டு, ஆண்டுகள் கடந்தும் அளவு மாறாத நெகிழி அது.

வார்ப்பு முறையை விவரிப்பது எளிது. குருணைகளாக வரும் ஏ.பி.எஸ். இருநூறு பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கப்பட்டு உருக்கப்படுகிறது. பல டன் அழுத்தத்தில் அச்சுக்குள் செலுத்தப்படுகிறது. சில விநாடிகளில் குளிர்ந்து பெட்டியில் விழுகிறது. பெட்டி நிரம்பியதும் ஓட்டுநரில்லா வண்டி ஒன்று வந்து அதை எடுத்துச்செல்கிறது. கூடம் இரவும் பகலும் இயங்குகிறது. 2006-ல் ஏறத்தாழ 1,900 கோடித் துண்டுகள் வார்க்கப்பட்டன; நிமிடத்துக்கு 36,000. 2012-ல் அந்த எண் 4,570 கோடி. நிமிடத்துக்கு ஏறத்தாழ 87,000. ஆறே ஆண்டுகளில் இருமடங்குக்கும் மேற்பட்ட பெருக்கம்.

பத்து லட்சம் துண்டுகளில் 18 மட்டுமே தரத்தில் தவறுகின்றன என்பது நிறுவனம் கூறிவரும் கணக்கு. மிகச் சிறிய விகிதம்தான். ஆயினும் 2012-ன் உற்பத்தியோடு பெருக்கினால் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிழைத்துண்டுகள் வருகின்றன. அளவு பெருகும்போது மிகச் சிறிய பிழையும் ஒரு கிடங்கை நிரப்பும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. உற்பத்தி ஒரே இடத்திலும் நிகழ்வதில்லை. டென்மார்க்கின் பில்லுண்டு, ஹங்கேரியின் நிரெட்ஹாசா, செக் குடியரசின் கிளாட்னோ, மெக்சிகோவின் மான்டெர்ரே, சீனாவின் ஜியாசிங், 2025-ல் திறக்கப்பட்ட வியட்நாமின் பின் டுவோங் எனத் தொழிற்சாலைகள் பரவியுள்ளன. மான்டெர்ரேயில் விழும் கட்டை ஜியாசிங்கில் விழும் கட்டையோடும், ஏதோ ஒரு வீட்டுப் பரணில் நாற்பது ஆண்டுகளாகக் கிடக்கும் கட்டையோடும் பொருந்தியாக வேண்டும்.

இனிக் கிடங்கு. வார்ப்புக் கூடத்திலிருந்து வெளியேறும் துண்டு உடனே கடைக்குப் போவதில்லை. பில்லுண்டில் உள்ள உயரமான தானியங்கிக் கிடங்குகளில் லட்சக்கணக்கான பெட்டிகள் அடுக்கப்பட்டுள்ளன. எந்தப் பெட்டியில் எந்தத் துண்டு உள்ளது என்பதைக் கணினி அறியும். தண்டவாளத்தில் ஓடும் தூக்கிகள் பெட்டியை வைக்கின்றன, எடுக்கின்றன. மனிதர் நடமாட்டம் மிகக் குறைவான இக்கூடங்களை வேறு பொருள்களின் கிடங்குகளோடு ஒப்பிட்டுவிட முடியாது. சோப்புக் கிடங்கில் உள்ளவை விற்பனைக்கு ஆயத்தமான முழுப்பொருள்கள். இங்கே உள்ளவை சொற்களுக்கு முந்தைய நிலையில் உள்ள உறுப்புகள்.

ஒரு விளையாட்டுத் தொகுப்பில் ஆயிரம் துண்டுகள், அவற்றில் இருநூறு வகைகள் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுத் தொண்ணூற்றொன்பது வகைகள் இருந்து ஒன்று மட்டும் இல்லாவிட்டால் தொகுப்பை மூட முடியாது. இல்லாத துண்டுக்குப் பதிலாக ஏறத்தாழ அதைப்போன்ற ஒன்றை இட முடியாது. மொழியில் ஒரு சொல் நினைவுக்கு வராதபோது வேறொரு சொல்லால் நிரப்பிக்கொள்ளும் வழி இங்கே அடைபட்டுள்ளது. இதற்கிடையே காலத்தின் நெருக்கடியும் உண்டு. பொம்மை விற்பனையின் பெரும்பகுதி கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாதங்களில் நிகழ்கிறது. இயந்திரங்களோ ஆண்டு முழுதும் ஓடுகின்றன. ஓடும் இயந்திரத்துக்கும் டிசம்பர் மாதக் குழந்தைக்கும் இடையிலான தொலைவைக் கடப்பது கிடங்குதான்.

ஒரு வகை கூடும்போது செலவு எங்கெல்லாம் கூடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அகராதியில் புதிய சொல் ஒன்று சேர்ந்தால் ஒரு வரி கூடும். பயன்படாமல் கிடந்தாலும் அச்சொல் இடத்தை அடைப்பதில்லை. புதிய வடிவத் துண்டுக்குப் பல லட்சம் ரூபாய் பெறுமான அச்சு தேவை. அதே வடிவம் புதிய நிறத்தில் வேண்டுமென்றால் அச்சு தேவையில்லை. ஆனால் தனிப்பெட்டியும் கிடங்கில் தனியிடமும் தனி எண்ணும் வேண்டும். வடிவங்களும் நிறங்களும் ஒன்றையொன்று பெருக்குகின்றன. வடிவமைப்பாளர் மேசையில் ஒரு புதிய நிறம் சிறு மகிழ்ச்சி. கிடங்கில் அது பல நூறு புதிய வரிசைகள்.

லெகோ நிறுவனம் இதை மறந்த காலம் ஒன்று உண்டு. 1990-களின் இறுதியிலிருந்து புதிய கருப்பொருள்களும் அவற்றுக்கான தனித்துண்டுகளும் கட்டுப்பாடின்றிப் பெருகின. நிறமும் வடிவமும் சேர்ந்த துண்டு வகைகளின் எண்ணிக்கை 12,000-ஐத் தாண்டியது. அவற்றுள் பெரும்பாலானவை ஒரே ஒரு தொகுப்புக்காகச் செய்யப்பட்டவை. வேறு எதிலும் பயன்படாத துண்டு, வேறு எந்தச் சொல்லிலும் வராத எழுத்தைப் போன்றது. 2003-ல் நிறுவனம் பெரும் நட்டம் கண்டது. 2004-ல் நட்டம் ஏறத்தாழ 190 கோடி டேனிஷ் குரோனர் ஆனது. அவ்வாண்டு தலைமைப் பொறுப்பேற்ற யோர்கன் விக் நுட்ஸ்டோர்ப்பின் காலத்தில் எடுக்கப்பட்ட முக்கிய முடிவுகளில் ஒன்று, துண்டு வகைகளை ஏறத்தாழ 7,000 ஆகக் குறைத்தது. வடிவமைப்பாளர்கள் இருப்பில் உள்ள துண்டுகளைக் கொண்டே புதியவற்றை ஆக்கப் பழகினார்கள். மீட்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் உறுப்புகளைக் குறைத்தது படைப்பைக் குறைக்கவில்லை என்பதை அடுத்து வந்த ஆண்டுகளின் விற்பனை காட்டியது.

இரண்டாவது பாடம் விரைவில் வந்தது. செலவைக் குறைக்க 2006-ல் உற்பத்தியின் பெரும்பகுதியை ஃப்ளெக்ஸ்ட்ரானிக்ஸ் என்னும் மின்னணு ஒப்பந்த உற்பத்தி நிறுவனத்திடம் ஒப்படைக்க உடன்பாடு ஆனது. இரண்டே ஆண்டுகளில், 2008-ல், அவ்வுடன்பாட்டிலிருந்து விலகுவதாக லெகோ அறிவித்தது. ஆண்டின் சில மாதங்களில் மட்டும் உச்சம் தொடும் தேவை, ஆயிரக்கணக்கான அச்சுகள், மைக்ரான் அளவில் காக்க வேண்டிய பொருத்தம் ஆகியவற்றை வெளியாரிடம் கைமாற்றுவது எளிதன்று என்பது தெளிவாயிற்று. பொருத்தம் என்பது அச்சில் மட்டும் உறைவதில்லை. எந்த அச்சு தேய்கிறது, எந்தக் குருணை எப்படிக் குளிர்கிறது என்று பல்லாண்டுகளாகச் சேர்ந்த கையறிவிலும் அது உறைகிறது.

நிறமும் இப்பொருத்தத்தின் ஒரு பகுதியே. 2004 வாக்கில் பழைய சாம்பல் நிறத்துக்குப் பதிலாகச் சற்று நீலம் தோய்ந்த சாம்பல் கொண்டுவரப்பட்டபோது, பல்லாண்டுகளாகக் கட்டைகளைச் சேர்த்துவந்த வயதுவந்த ஆர்வலர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. வெளியிலிருந்து பார்ப்போர்க்கு அது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். அவர்கள் நோக்கில், இருபது ஆண்டுகளாகச் சேர்த்த கோட்டைச் சுவரில் புதிய கல் இனி ஒட்டாது. குமிழ் பொருந்துகிறது, கண் பொருந்தவில்லை. நிறுவனத்தின் கிடங்குக்கு வெளியே இன்னொரு பெருங்கிடங்கு வீடுகளில் பரந்து கிடக்கிறது என்பதை அந்த எதிர்ப்பு அன்று உணர்த்தியது.

சட்டமும் ஒரு முக்கியமான தெளிவைத் தந்துள்ளது. காப்புரிமைகளின் காலம் முடிந்தபின் கட்டையின் வடிவத்தையே வணிகச் சின்னமாகப் பதிந்துகொள்ள லெகோ முயன்றது. 2005-ல் கனடாவின் உச்சநீதிமன்றமும், 2010-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமும் அதை ஏற்கவில்லை. தொழில்நுட்பப் பயன்பாட்டுக்குத் தேவையான வடிவத்தைச் சின்னம் என்ற பெயரில் என்றென்றைக்கும் ஒருவர் உடைமையாக்க முடியாது என்பதே அத்தீர்ப்புகளின் சாரம். ஆகவே குமிழும் குழலும் இன்று எவரும் செய்யக்கூடியவை. பலர் செய்தும் வருகிறார்கள். லெகோவிடம் எஞ்சியிருக்கும் தனியுரிமை, பெயர் நீங்கலாக, நேற்றுச் செய்தது நாளை செய்வதோடு பொருந்தும் என்ற வாக்குறுதிதான். அவ்வாக்குறுதியின் பேரிலேயே அது விலை பெறுகிறது.

அவ்வாக்குறுதியின் சுமையை யார் தூக்குகிறார்கள் என்று இங்கே கேட்க வேண்டியுள்ளது. தொழிற்சாலை வாயிலைத் தாண்டியதும் கிடங்குப் பொறுப்பு வீடுகளுக்கு மாறிவிடுகிறது. பிளாஸ்டிக் டப்பாக்கள், பழைய பெட்டிகள், கட்டிலடி இழுப்பறைகள் ஆகியவற்றில் துண்டுகள் தலைமுறைகளைக் கடக்கின்றன. 2000-ல் ஓர் ஆர்வலர் தொடங்கிய பிரிக்லிங்க் என்னும் இணையச் சந்தையில், உலகெங்கும் உள்ள சிறு விற்பனையாளர்கள் பழைய துண்டுகளை வடிவம், நிறம், ஆண்டு எனப் பிரித்து விற்கிறார்கள். பில்லுண்டின் தானியங்கிக் கிடங்கு செய்யும் அதே வேலையை அவர்கள் கையாலும் கண்ணாலும் செய்கிறார்கள். 2019-ல் அச்சந்தையை லெகோ நிறுவனமே வாங்கியது. பழைய துண்டின் மதிப்பை அது அறியாததன்று என்பதற்கு இது சான்று.

வேறொரு வகைச் சேமிப்பும் வளர்ந்துள்ளது. விற்பனை நிறுத்தப்பட்ட தொகுப்புகள் 1987 முதல் 2015 வரை இரண்டாம்நிலைச் சந்தையில் பெற்ற விலைகளை ஆராய்ந்த ரஷ்யப் பொருளியலாளர்கள், ஆண்டுக்குச் சராசரியாக 11 விழுக்காட்டு ஆதாயம் கிடைத்ததாக மதிப்பிட்டனர். ஆதாயம் கிடைப்பது பெரும்பாலும் பிரிக்கப்படாத பெட்டிக்கு. ‘நன்றாக விளையாடு’ என்ற பெயரைத் தாங்கிய பொருள் விளையாடப்படாமல் இருப்பதாலேயே மதிப்புக் கூடுகிறது. இது முதலீட்டாளர்களின் குற்றமன்று. பொருள் அவ்வளவு காலம் கெடாமல் இருக்கும் என்று அவர்கள் நம்புவதற்கு அதன் தரமே காரணம்.

கெடாமை வீட்டில் நன்மை. கடலில் அதன் பொருள் வேறு. 1997 பிப்ரவரி 13 அன்று டோக்கியோ எக்ஸ்பிரஸ் என்னும் சரக்குக் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பால் பேரலையில் சிக்கி 62 கொள்கலன்களை இழந்தது. அவற்றுள் ஒன்றில் ஏறத்தாழ 48 லட்சம் லெகோ துண்டுகள் இருந்தன. ஆக்டோபஸ், கடற்பாசி, முக்குளிப்போரின் துடுப்பு எனக் கடல் சார்ந்த துண்டுகள் பல அவற்றில் இருந்தன என்பது விதியின் கேலி. கார்ன்வால் கடற்கரைகளில் அவை இன்றும் ஒதுங்குகின்றன.

இதே கரைகளில் ஒதுங்கிய பழைய கட்டைகளைக் கொண்டு பிளிமத் பல்கலைக்கழகத்தின் ஆன்ட்ரூ டர்னரும் சகாக்களும் 2020-ல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கடலில் தேய்ந்த கட்டையை, வீட்டில் பாதுகாக்கப்பட்ட அதே காலத்துக் கட்டையோடு இணைவைத்து எடை இழப்பை அளந்தார்கள். கடலில் ஒரு கட்டை முற்றாகச் சிதைய 100 முதல் 1,300 ஆண்டுகள் வரை ஆகலாம் என்பது மதிப்பீடு. இங்கே கவனிக்க வேண்டியது ஆய்வுமுறை. யாரோ ஒருவர் பழைய கட்டைகளைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் கடலில் கிடந்ததன் வரலாற்றை அளக்க முடிந்தது. கட்டைகளின் அளவு மாறாதிருந்ததே அளவுகோலாயிற்று.

மூலப்பொருளை மாற்றிவிடலாமே என்ற கேள்வி இயல்பாக எழும். நிறுவனமும் அம்முயற்சியில் உள்ளது. 2032-க்குள் தன் பொருள்களை நீடித்துநிற்கும் மூலப்பொருள்களுக்கு மாற்றுவது அதன் இலக்கு. மரம், இலை, செடி போன்ற மென்துண்டுகள் 2018 முதல் கரும்பிலிருந்து பெறப்படும் பாலிஎத்திலீனால் செய்யப்படுகின்றன. ஆனால் அது கட்டைக்கு வேண்டிய விறைப்பைத் தராது. மறுசுழற்சி செய்த குளிர்பானப் புட்டிகளின் நெகிழியால் ஆன மாதிரிக் கட்டை 2021-ல் பெரும் நம்பிக்கையோடு காட்டப்பட்டது. 2023-ல் அது கைவிடப்பட்டது. அந்நெகிழியைக் கட்டைக்கு ஏற்றதாக்கக் கூடுதல் பதப்படுத்தலும் உலர்த்தலும் புதிய இயந்திரங்களும் தேவைப்பட்டன. கூட்டிப் பார்த்தால் கரிம உமிழ்வு குறைவதற்குப் பதிலாகக் கூடும் என்பது விளக்கம். விகாரத்துக்கு இடமில்லாத ஒழுங்கமைப்பில் மூலப்பொருளையும் எளிதில் திரிக்க முடியாது. 1958-ன் வாக்குறுதி 2023-ன் வேதியியலைக் கட்டிப்போட்டது.

ஆகவே வேதியியலுக்காகக் காத்திருக்கும் காலத்தில் செய்யக்கூடிய வேறொன்றைப் பேச வேண்டும். ஏற்கெனவே செய்யப்பட்ட துண்டுகள் யாவும் இன்றைய தொகுப்புகளுக்கு மூலப்பொருள்கள். எந்தத் தொழிலுக்கும் எளிதில் வாய்க்காத நிலை இது. பழைய கைப்பேசியின் உறுப்பு புதிய கைப்பேசிக்கு உதவாது; பழைய கட்டையைக் கழுவினால் போதும். இருந்தும், பயன்படுத்திய கட்டைகளைத் திரும்பப் பெற்றுக் குழந்தைகள் அமைப்புகளுக்கு வழங்கும் ‘ரீப்ளே’ திட்டத்தை நிறுவனம் 2019-ல்தான் அமெரிக்காவில் தொடங்கியது. அது சில நாடுகளிலேயே நடக்கிறது. விற்பனை எல்லை உலகளாவியது. திரும்பப்பெறும் எல்லை அவ்வாறில்லை. விற்கும் ஒவ்வொரு நாட்டிலும் திரும்பப்பெறும் ஏற்பாடு இருக்க வேண்டும். ஓராண்டில் எத்தனை துண்டுகள் வார்க்கப்பட்டன என்ற எண்ணுக்கு அருகிலேயே எத்தனை துண்டுகள் திரும்பிவந்து மீண்டும் விளையாட்டுக்குப் போயின என்ற எண்ணும் வெளியிடப்பட வேண்டும்.

இதற்கு இரண்டு மறுப்புகள் உண்டு. லெகோ குப்பைக்குப் போவதில்லை, பெரும்பாலோர் அதைத் தம் பிள்ளைகளுக்கோ பிறருக்கோ தந்துவிடுகிறார்கள் என்பது முதலாவது. இது பெருமளவு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் துண்டுகள் அழியாமல் கைமாறிக்கொண்டே இருக்கின்றன என்றால் உலகின் இருப்பு ஆண்டுதோறும் ஏறுகிறது என்று பொருள். ஏறும் இருப்பின்மீது ஏறும் உற்பத்தியைச் சேர்ப்பதற்கு, துண்டுகள் குப்பைக்குப் போவதில்லை என்பது நியாயமாகாது. அதைக் கேள்விக்குள்ளாக்கும் காரணமே ஆகும்.

இரண்டாவது மறுப்பு வலுவானது. பழைய துண்டுகள் எல்லாம் பாதுகாப்பானவை அல்ல. டர்னர் 2018-ல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, பழைய நெகிழிப் பொம்மைகளில் காட்மியம் முதலான தீங்கான தனிமங்கள் இருப்பதைக் காட்டியது. ஆராயப்பட்டவற்றுள் 1970-கள், 1980-களின் சிவப்பு, மஞ்சள் லெகோ கட்டைகளும் இருந்தன. இன்றைய பாதுகாப்பு விதிகள் அன்று இல்லை. இதைக் காரணம்காட்டிப் பழையவற்றைத் தொடாமல் விடலாம் என்று வாதிடுவது எளிது. ஆனால் பரணிலிருந்து இறக்கிய சிவப்புக் கட்டை எந்தப் பத்தாண்டைச் சேர்ந்தது, அதில் என்ன சாயம் கலந்துள்ளது என்பதை ஒரு தாயோ தந்தையோ பார்வையால் அறிய முடியாது. எந்த அச்சில் எந்த ஆண்டு எந்தக் குருணை ஊற்றப்பட்டது என்பதை அறியக்கூடிய இடம் ஒன்றே. தரம்பிரிக்கும் அறிவு நிறுவனத்திடம் இருக்கிறது. ஆகவே தரம்பிரிக்கும் கடமையும் அங்கேயே இருக்கிறது.

பில்லுண்டில் லெகோ நிறுவனம் தன் பழங்காப்பகத்தில் பல பத்தாண்டுகளின் தொகுப்புகளை ஆண்டுவாரியாக அடுக்கி வைத்துள்ளது. அங்கே செல்வோர் தம் குழந்தைப்பருவப் பெட்டியைக் கண்டு நெகிழ்கிறார்கள் என்று பலரும் எழுதியுள்ளனர். ஒவ்வொன்றின் ஒரு படியைக் காப்பது வரலாற்றுணர்வு; பாராட்டத்தக்கது. மீதமுள்ள படிகள் உலகின் பரண்களிலும் சந்தைகளிலும் குப்பைமேடுகளிலும் கடலடியிலும் இருக்கின்றன. அவையும் அதே வாக்குறுதியின்கீழ் விற்கப்பட்டவை.

மொழியியல் வகுப்பில் லெகோவை உவமையாகக் காட்டுவதில் தடையில்லை. வரம்புடைய உறுப்புகளிலிருந்து வரம்பற்றது பிறப்பதைக் கண்ணுக்குக் காட்ட அதைவிட எளிய கருவி கிடைப்பது அரிது. உடன்சேர்த்து ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிடுவது நல்லது. பேசி முடித்த சொல் காற்றில் கரைந்துவிடும்; அடுத்தவர் அதைப் புதிதாகவே ஆக்கிக்கொள்வார். கட்டியும் பிரித்தும் முடித்த கட்டை தரையில் கிடக்கும். அதை எடுத்து வைக்க ஒருவர் வேண்டும்.